உள்ளளவு

அப்பாவின் அறை வாசல் இருபத்திரண்டு அங்குலம். வீட்டின் மற்ற வாசல்களெல்லாம் மனிதர் நுழைகிற மாதிரி மூன்றடி, மூன்றரையடி என்று இருக்க, இது ஒன்று மட்டும் ஒருக்களித்தால்தான் உள்ளே விடும். சாப்பாட்டுத் தட்டோடு போனால் தட்டு முதலில், ஆள் அப்புறம். ஊருக்கெல்லாம் கதவும் நிலையும் செய்து கொடுக்கிற தச்சர் வீட்டில் இப்படி ஒரு வாசலா என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள். அப்பா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. மகள்தான், "பரலோகத்துக்குள்ள நுழையப் பயிற்சி எடுக்கிறார்" என்று சொல்லி வந்தவர்களைச் சிரிக்க வைப்பாள்.

இன்று காலை பத்து மணிக்கு அந்த வாசலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். உள்ளே அப்பா தரையில் கிடந்தார். விடிந்த பிறகு எப்போதோ கட்டிலிலிருந்து உருண்டு விழுந்திருக்கிறார். முன்னறையில் தையல் மெஷின் ஓடிய சத்தத்தில் மகளுக்கு எதுவும் கேட்கவில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தவள் அவரை மிதிக்க இருந்தாள். முதுகில் அடி. மூச்சு வேறு இழுத்து இழுத்து வந்தது.

ஓட்டுநர் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"முதுகெலும்பு விரிசல் விட்டிருக்கலாம்மா. மடக்கக் கூடாது, நிமிர்த்தக் கூடாது. பலகையில கட்டி, படுத்த வாக்குலயே எடுக்கணும். பலகை ஆறடி. இந்த வாசல்ல நுழைச்சாலும் வெளிய நடையில திரும்பாது. சுவர் இடிக்கும். இதை யாரு இப்படி வச்சது?"

"அவர்தான்," என்றாள்.

சன்னல் வழியாக எடுக்கலாமா என்று பார்த்தார்கள். சன்னலுக்கு ஒரு முழம் தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். வேறு எதுவும் தோன்றாமல் அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வாசலை அளந்தாள். இருபத்திரண்டு. நேற்றும் அதுதான், பதினோரு வருஷமாக அதுதான். துணியாக இருந்தால் தையலைப் பிரித்து ஓர் அங்குலமாவது விட்டிருப்பாள். எந்த உடையிலும் உள்ளே கொஞ்சம் துணி மடித்து வைத்துத்தான் தைப்பாள், ஆள் நாளைக்குப் பெருக்கலாம் என்று. மரத்தில் அப்படி யாரும் மடித்து வைப்பதில்லை.

அப்பா வாயைத் திறந்தார். "நிலை," என்றார்.

மூன்று வாரமாக அவர் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அது. பக்கவாதம் வலப்பக்கத்தைக் கொண்டுபோன கையோடு மற்ற எல்லாச் சொற்களையும் கொண்டுபோய்விட்டது. பசித்தாலும் நிலை, குளிர்ந்தாலும் நிலை. இவ்வளவு பேசிய மனிதருக்கு இப்படி ஒரு கதி.

அவருக்குப் பட்டப்பெயர் மூலைமட்டம். சட்டத்தின் மூலை நேராக இருக்கிறதா, கோணலா என்று வைத்துப் பார்க்கிற கருவி அது. அவர் அதை மரத்துக்கு வைத்தது பாதி நேரம்தான், மீதி நேரம் மனிதர்களுக்கு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் எழுந்தார் என்றால் எந்த வாரமானாலும் பொருள் ஒன்றுதான்: வாசல் இடுக்கம், வழி நெருக்கம், உள்ளே போகிறவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் இவர் இல்லை, அவர் இல்லை என்று கண்ணாலேயே வரிசையாகக் கழித்துக்கொண்டு வருவார். ஊசியின் காதில் ஒட்டகம் நுழைகிற இடம் வந்தால் மகளைப் பார்த்துத்தான் சொல்வார், அவள் தையல்காரி ஆயிற்றே. "ஊசி கோர்க்கிறவ நான். எனக்கு நூலே நுழைய மாட்டேங்குது, ஒட்டகத்தைக் கொண்டுவந்து ஏம்பா என் தலையில கட்டுறீங்க" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு மூன்று நாள் பேசவில்லை.

அவருக்கு ஒரு மகனும் இருந்தான். அப்பாவின் உடம்பு அப்படியே அவனுக்கு, அகன்ற தோள், பெரிய வயிறு. அப்பாவின் வாய் மட்டும் இல்லை. பட்டறையில் மற்றவர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தவனிடம் இருபத்தாறாம் வயதில் முதல் தடவையாக ஒரு முழு நிலையைத் தனியாகச் செய்யக் கொடுத்தார் அப்பா. வாசல் முப்பது அங்குலம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வாசல் என்றால் ஆள் நுழைகிற இடைவெளி, அது உள்ளளவு. அண்ணன் அதை வெளியளவாக எடுத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் நிற்கிற நாலு அங்குல மரக்கால் போக, உள்ளே மிஞ்சியது இருபத்திரண்டு. பட்டறையில் முதல் மாதம் கற்றுக்கொள்கிற விஷயம்தான். அவ்வளவு மரத்தையும் அறுத்து, இழைத்து, பொருத்தி, மெருகு போட்டு முடித்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

வேறொருவர் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பார். மூலைமட்டம் அப்படி விடுகிற ஆளா? நிலையைப் பட்டறை நடுவில் நிறுத்தி வைத்து, வாங்க வந்தவர்கள், வேலையாட்கள் எல்லார் முன்னாலும், "நீ செஞ்ச வாசல்தானே, நீயே நுழைஞ்சு காட்டு" என்றார். அவன் நுழைந்தான். அந்த உடம்போடு நடுவில் மாட்டிக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். மகளும் பட்டறை வாசலில் நின்று சிரித்தாள், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பட்டறையை விட்டுப் போனவன் திரும்பவில்லை. எங்கெங்கோ கூலி வேலை, அப்புறம் குடி, இரண்டு வருஷத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் பிணம். அடக்கத்தன்று யாரோ ஆறுதலாக, "போய்ச் சேர்ந்துட்டான், விடுங்க" என்றார்கள். அப்பா எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க போய்ச் சேர? வாசல் அளவே தெரியாதவன்."

அதே மாதத்தில் அந்த நிலையைப் பட்டறை மூலையிலிருந்து தூக்கி வந்து, தன் அறையில் இருந்த நல்ல வாசலை உடைத்து, இதை வைத்து, மிச்சத்தைச் செங்கல் கட்டி அடைத்தார். கூட்டத்தில் எல்லாரும், பிரசங்கத்துக்குப் பொருத்தமாக வாசல் வைத்துக்கொண்டார் என்று மெச்சினார்கள். மகள் அப்படி நினைக்கவில்லை. செத்தவனைத் தினம் நாலு தடவை நினைத்து வைவதற்கு வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். அவளுக்கு அப்பாமேல் இருந்த கோபத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், நல்லபடியாக இருந்த மனிதர் அவள் மெஷின் பக்கத்தில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார், "நான் உள்ள போவேனா?"

எந்த உள்ளே என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த முகத்தில் அவள் அதுவரை பார்க்காத பயம் இருந்தது. போவீங்கப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, நிதானமாகத்தான் சொன்னாள்:

"அண்ணனை வெளிய நிறுத்தினது நீங்கதானே. அவன்கிட்டயே கேளுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். மறுநாளுக்கு மறுநாள் பக்கவாதம். அதிலிருந்து இன்றுவரை அவள் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். எப்படி எடுப்பது? சொல்ல ஆரம்பித்தால் அவர் "நிலை" என்பார், கண்ணில் தண்ணீர் வரும், கஞ்சி ஆறிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவாள். மூன்று வாரம் இப்படியே போய்விட்டது.

"நிலை," என்றார் அப்பா மறுபடியும், தரையிலிருந்து.

சேதி கேட்டுப் போதகர் வந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் பருமன். ஒருக்களித்தும் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"தன்னோட நிலையைப் பத்திக் கவலைப்படுறார் சகோதரி. கடைசி நேரத்துல எல்லாருக்கும் வர்றதுதான்." அப்புறம் உரக்க, "பெரியவரே, உங்க நிலை கர்த்தர் கையில இருக்கு. அவர் பார்த்துக்குவார்."

அப்பா இடது கையால் தரையைத் தட்டினார். இல்லை, அது இல்லை என்று தட்டுகிற மாதிரி இருந்தது. ஓட்டுநர் மணியைப் பார்த்தார்.

பட்டறை ஆளுக்கு அதற்குள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவரை எல்லாரும் ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள், மரம் அறுப்பதற்காக அல்ல, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பதற்காக. அப்பாவிடம் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கையில் அறுக்கும் மெஷினோடு வந்து வாசலை ஒரு பார்வை பார்த்தார்.

"கேட்டீங்களா தங்கச்சி, முதலாளியே சொல்றார், நிலையை எடுங்கடான்னு. இதை நான் அன்னைக்கே சொன்னேன், வேணாம் முதலாளி, ஆத்திர அவசரத்துக்கு ஆகாதுன்னு. கேட்டாத்தானே. ரெண்டு காலையும் அறுத்து, அடைச்ச செங்கல்லைத் தட்டினா பழைய வாசல் வந்துரும். இருபது நிமிஷம். பிளக் எங்க இருக்கு?"

மெஷின் சத்தம் எழும்பியதும் அப்பா கத்தினார். சொல் அதேதான். ஆனால் அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. இடது கையை ஊன்றி, உடைந்த முதுகோடு வாசல் பக்கம் நகரப் பார்த்தார். ஓட்டுநர் ஓடிவந்து தோளை அமுக்கினார். "ஆடக் கூடாது ஐயா, ஆடக் கூடாது." ரம்பம் மெஷினை நிறுத்தினார்.

அவள் அப்பாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த நிலையை அவள் எப்போதும் நுழைகிற அவசரத்தில்தான் பார்த்திருக்கிறாள், அறைக்குள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. உட்பக்கத்து இடது காலில், அப்பாவின் நெஞ்சு உயரத்தில், ஒரு கையகலத்துக்கு மெருகு தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது. பிடித்துக்கொண்டு நுழைந்ததால் வந்த தேய்வு இல்லை அது. அப்படியானால் விளிம்பு தேய்ந்திருக்கும். இது தட்டையான முகத்தில், உள்ளங்கையை வைத்து வைத்து, தடவித் தடவித் தேய்ந்தது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு காலையும் வெளியே போவதற்கு முன்னால் அந்த மனிதர் அங்கே நின்று மகன் செய்த மரத்தில் கையை வைத்திருக்கிறார். இன்றைக்குக் காலையில் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தது அங்கே போகத்தான். விழுந்து கிடந்த இடத்துக்கும் அதற்கும் இரண்டடிதான் இருந்தது.

இத்தனை நாள் ஒரு வீட்டில் இருந்துகொண்டு, ஒரு வாசலில் போய் வந்துகொண்டு, இது தெரியாமல் இருந்திருக்கிறாளே.

"அண்ணன் செஞ்ச நிலையை வெட்ட வேணாம்னு சொல்றீங்களாப்பா?"

அவர் கண்ணை இறுக்க மூடித் திறந்தார். வாய் கோணி, எச்சில் வழிய, அவளையே பார்த்தார். கேட்டுவிட்டாள். கேட்டு என்ன ஆகப்போகிறது?

"அம்மா," என்றார் ஓட்டுநர், குரலைத் தாழ்த்தி, "மூச்சு எப்படி இழுக்குதுன்னு பாருங்க. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போட்டா நான் வந்ததே வீண். ஆக்சிஜன் வண்டியிலதான் இருக்கு. யாராவது ஒருத்தர் முடிவு சொல்லுங்க."

அவள் போதகரைப் பார்த்தாள். போதகர், "ஜெபம் பண்ணுவோம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ரம்பத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாக வாய் ஓயாத மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அன்றைக்குப் பட்டறையில் சிரித்தவர்களில் ஒருவர். வெட்டினால் அப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒன்றையும் அவர் கண்ணெதிரே வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் அப்பா அந்த வாசலுக்கு இந்தப் பக்கமே மூச்சு முட்டிச் சாக வேண்டும், மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இதில் எது பாவம், எது புண்ணியம் என்று கணக்காகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் தரையில் கிடந்தார்.

"வெட்டுங்கண்ணே," என்றாள்.

ரம்பம் வெட்டினார். மரத்தூள் அப்பாவின் முகத்தில் விழாமல் அவள் குனிந்து முந்தானையால் மறைத்துக்கொண்டாள். காதில் வாய் வைத்துச் சொன்னாள். அன்றைக்கு நான் சொன்னது தப்புப்பா, நானும்தான் சிரிச்சேன், அவன் நடுவுல மாட்டினப்ப நானும் நின்னு சிரிச்சேன், நீங்க மட்டும் இல்லப்பா என்று மூன்று வாரமாகச் சேர்த்து வைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின் போட்ட இரைச்சலில் அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. கத்திச் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை.

மெஷின் நின்றபோது ரம்பம், மேல் மூலையைப் பிளக்க முடியாமல் உளியை வைத்து நெம்பிக்கொண்டிருந்தார்.

"வர மாட்டேங்குது தங்கச்சி," என்றார், அழுகிற குரலில். "அளவுதான் தப்பு. பொருத்து போட்டிருக்கான் பாருங்க, மயிரிழை விலகலை. முதலாளி, உங்க மகன் போட்ட பொருத்து, என் கைக்கு வர மாட்டேங்குது."

அப்பா கேட்டாரா என்று தெரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நிலை விழுந்தது, செங்கல்லும் விழுந்தது. மூன்றடி வாசல் திறந்தது. பலகையில் வைத்துக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். இப்போது போதகரும் உள்ளே வந்து ஒரு மூலையைப் பிடித்தார். வாசலைத் தாண்டும்போது அப்பாவின் இடது கை மேலே எழுந்தது. நிலை இருந்த இடத்தில் துழாவியது. இப்படியும் அப்படியும் தேடியது. அங்கே காற்றுதான் இருந்தது. பக்கத்தில் ஒட்டி நடந்த மகளின் கழுத்தில் தொங்கிய டேப் கையில் தட்டுப்பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டது. வண்டியில் ஏற்றியபோதும் விடவில்லை. ஓட்டுநரின் துணையாள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். "இருக்கட்டும்," என்றாள். கழுத்தைக் குனிந்து கொடுத்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தார்கள். வண்டி சைரன் போட்டுக்கொண்டு ஓடியது. அவர் நிலை என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். கண்கள் மட்டும் அவள் முகத்தில் இருந்தன. அந்த மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டபோது இருந்த அதே பயம் அதில் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையவில்லை. அவர் இன்னும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே போனவர்கள் யார், வெளியே நின்றவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்க அவளுக்குக் கண் இருக்கிறதா? அப்பா போட்ட அளவுகோலை வைத்தால் அப்பாவும் நுழைய மாட்டார், அண்ணனும் மாட்டான், அவளும் மாட்டாள். வேறு அளவுகோல் அந்த வீட்டில் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

மருத்துவமனை கேட்டுக்கு வெளியே வண்டி நின்றது. சைரன் அடங்கியதும் திடீரென்று அமைதியாக இருந்தது. இப்போதுதான் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. தெரியுமோ தெரியாதோ, சொல்லிவிட வேண்டும். நெற்றியோடு நெற்றி வைத்துக் குனிந்தாள்.

"உள்ள விடுவாங்கப்பா," என்றாள். "அண்ணனை விட்டிருப்பாங்க. உங்களையும் விடுவாங்க."

முன்னாலிருந்து ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்:

"விடுவாங்கம்மா, விடாம எப்படி. நமக்கு முன்னாடி ரெண்டு வண்டி நிக்குது, அவ்வளவுதான்."

அப்பாவின் விரல்கள் விட்டன, அவள் கழுத்தில் இறுகியிருந்த டேப் தளர்ந்தது. ஒரு முனை நழுவி அவர் மார்பில் விழுந்தது. முன்னால் நின்ற வண்டிகளில் ஒன்று உள்ளே போனது, இவர்கள் வண்டி கொஞ்சம் நகர்ந்து நின்றது.